சோடா மூடி கொடுத்த சம்மதம்

சலூன் கண்ணாடிக்கு மேலே ஒரு செய்தித்தாள் படம் ஒட்டியிருந்தது. ஐம்பதைத் தாண்டிய ஆள் ஒருவர், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு, வலது கை ஆட்காட்டி விரலை நீட்டிக்கொண்டு நிற்பார். முகத்தில் தேர்தலில் ஜெயித்துவிட்ட களை. கீழே, ‘கடைசி வார்த்தை மனிதனின் விரலுக்கே’ என்று கொட்டை எழுத்து. படத்தை வெட்டி ஒட்டியவர் சலூன்காரர். படத்தில் இருந்தவருக்கு ஒற்றைவிரலார் என்று பெயர் சூட்டியவரும் அவரேதான். கேலிப் பெயர். ஆனால் அதன் வாலில் ஒரு ‘ஆர்’ தொங்கியதால் சூட்டப்பட்டவருக்கு அது மரியாதையாகவே பட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அலுவலகப் பதிவேட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

ஒற்றைவிரலார் குடிநீர் நிலையத்தில் இருபத்திரண்டு வருஷம் மோட்டார் ஓட்டியவர். எட்டாம் வகுப்பில் இரண்டு முறை உட்கார்ந்தும் தேறவில்லை. அதனால் என்ன, எந்தத் தெருவுக்கு எவ்வளவு நேரம் மோட்டார் ஓட வேண்டும் என்பது அவருக்குத் தண்ணிபட்ட பாடு. அப்புறம் இயந்திரம் வந்தது. தானே யோசித்து, மோட்டாரைத் தானே ஓட்டி, சாலைக்கு அடியில் இருக்கிற வால்வுகளைத் தானே திறந்து மூடுகிற இயந்திரம்.

ஊரில் ஒரே அமளி. இன்றைக்குத் தண்ணீரைத் திறந்து மூடுவது நாளைக்கு நம்மையே திறந்து மூடும் என்று ஒருவர் மேடை போட்டுப் பேசினார். இயந்திரம் மனிதனை ஆளுமா, ஆளாதா என்று டீக்கடையில் இரண்டு கட்சி பிரிந்து, ஒரு கட்சிக்காரர் இன்னொரு கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாமலே இருந்துவிட்டார். கடைசியில் மேலிடம் ஒரு சமாதானம் சொன்னது. இயந்திரம் யோசனை மட்டும்தான் சொல்லும். அதன் முன்னால் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார். அவர் பச்சைப் பொத்தானை அமுக்கினால் காரியம் நடக்கும். சிவப்பை அமுக்கினால் நடக்காது. அவ்வளவுதான்.

யார் அந்த மனிதர் என்று தேடினார்கள். மோட்டார் அறையில் வேலை போய் வெறுங்கையோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். படம் எடுத்தார்கள். உலகமே தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த கேள்விக்கு, எட்டாவது தேறாத ஒரு ஆள் பதிலாகப் போய் நின்றார்.

அறை சின்னது. ஒரு ஜன்னல், அதன் வழியே பார்த்தால் தண்ணீர் தெளிகிற பெரிய தொட்டிகள். ஒரு மேஜை, ஒரு திரை, பச்சையும் சிவப்புமாக இரண்டு பொத்தான்கள், சுருள் ஒயர் தொங்கும் பழைய டெலிபோன், ஒரு சக்கரம் கழன்ற நாற்காலி. பகல் இவருக்கு, இரவு கண்ணாடியம்மாவுக்கு. கண்ணாடியம்மா பழைய மீட்டர் பிரிவிலிருந்து வந்தவர். மூக்குக்கண்ணாடி பாட்டில் அடிபோல இருக்கும். அதைக் கழற்றினால் எதிரே நிற்பது ஆளா அலமாரியா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்.

ஆரம்பத்தில் ஒற்றைவிரலார் ஒவ்வொரு யோசனையையும் எழுத்துக்கூட்டிப் படித்தார். ஒரு நாளைக்கு நாற்பது வரும். இரண்டு முறை சிவப்பை அமுக்கினார். முதல் தடவை, ஒரு தெருவின் குழாயை மூடலாம் என்றது இயந்திரம். அங்கே ஒரு குறையும் இல்லை என்று இவர் மறுத்தார். மறுநாள் காலை அந்தத் தெருவில் குழாய் வெடித்து, ஒரு கார் முன்சக்கரம் வரை பூமிக்குள் போய்விட்டது. இரண்டாம் தடவையும் கிட்டத்தட்ட அதே கதை. இரண்டுக்கும் விளக்கம் கேட்டுக் காகிதம் வந்தது. பச்சையை அமுக்கியதற்காக யாரும் எப்போதும் காகிதம் அனுப்பியதில்லை.

அதுவும் போக, நாற்பது நானூறானது. இருபது விநாடிக்குள் எதையாவது அமுக்காவிட்டால் மணி காதைக் கிழிக்கும். அவர் பெயருக்கு நேரே ‘மனிதத் தாமதம்’ என்று ஒரு வரி ஏறும். படிக்க எங்கே நேரம்? திரை மினுங்கும், விரல் இறங்கும். இரண்டு வருஷத்தில் பச்சைப் பொத்தானின் சாயம் தேய்ந்து வெள்ளையாகிவிட்டது. சிவப்பின் மேல், கம்பெனியில் ஒட்டி அனுப்பிய கண்ணாடித்தாள் அப்படியே பளபளவென்று இருந்தது.

சோடா மூடியைக் கண்டுபிடித்தவர் அவர்தான். எலுமிச்சை சோடா குடித்துவிட்டு, மூடியை மேஜையில் உருட்டிக்கொண்டிருந்தபோது அது பச்சைப் பொத்தானுக்கும் பலகையின் விளிம்புக்கும் நடுவில் போய்ச் செருகிக்கொண்டது. பொத்தான் அமுங்கியபடியே நின்றது. திரையில் யோசனைகள் ஒன்றன் பின் ஒன்றாக வர, ஒவ்வொன்றுக்கும் ‘மனிதர் சம்மதித்தார், மனிதர் சம்மதித்தார்’ என்று விழுந்துகொண்டே இருந்தது. மணி அடிக்கவில்லை. ஒற்றைவிரலார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு எழுந்து போய், பல மாதத்துக்கு அப்புறம் நிதானமாக ஒரு டீ குடித்தார். கண்ணாடியம்மாவுக்கும் சொல்லிக் கொடுத்தார். அந்த அம்மாள் அன்று இரவே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியதாகக் கேள்வி.

வீட்டில் அவரும் அவருடைய அக்காவும் மட்டும். அவர் மனைவியை இழந்தவர். அக்கா கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டவர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ‘நம்பர் சொல்லுங்க’ என்று சொல்லிச் சொல்லி, வீட்டிலும் யாராவது கூப்பிட்டால் அதே குரலில்தான் பதில் சொல்வார். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரத்துக்கு இரண்டு நாள் ரத்தம் சுத்திகரிக்கிற கிளினிக்கில் நாலு மணி நேரம் படுக்க வேண்டும். தம்பியின் பெருமையை அக்கா அதிகம் மதிப்பதில்லை. நீ அமுக்குவது பொத்தான், நான் இணைத்துக் கொடுத்ததெல்லாம் மனுஷக் குரல் என்பார்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. மத்தியானம் இரண்டு மணிக்கு ஒற்றைவிரலார் மூடியைச் செருகிவிட்டுச் சலூனுக்குப் போனார். சவரம் செய்து மூன்று நாளாகியிருந்தது. முகமெல்லாம் நுரையோடு நாற்காலியில் சாய்ந்ததும் சலூன்காரர் வழக்கமான வம்பைத் தொடங்கினார். உலகத்தை இயந்திரம் பிடித்துவிடும் என்று யாரோ படித்தவர் எழுதியிருக்கிறாராமே, உங்களைக் கேட்காமலா பிடிக்கும் என்றார்.

“என் விரல் படாம ஒரு சொட்டுத் தண்ணி நகராது. எழுதினவரை வந்து பாக்கச் சொல்லு” என்றார் ஒற்றைவிரலார், நுரைக்குள்ளிருந்து.

“விரல் இங்கதானே இருக்கு? அப்ப அங்க யாரு?”

இந்தக் கேள்விக்கு இரண்டு பேருமே சிரித்தார்கள். கடையில் காத்திருந்தவர்களும் சிரித்தார்கள்.

அதே நேரத்தில் நடந்தது இது. கிளினிக்கில் அன்று காலை தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து கழுவியிருந்தார்கள். ஒரு மணிக்கு நோயாளிகளைக் கட்டிலில் போட்டுவிட்டு, நேரடியாக வருகிற தண்ணீரில் வேலையை நடத்திக்கொண்டே, தொட்டியையும் நிரப்பத் தொடங்கினார்கள். நர்ஸ் விவரம் தெரிந்தவர். இரண்டு ஐந்துக்குக் குடிநீர் நிலையத்துக்குப் போன் செய்தார்: தொட்டி நிரப்புகிறோம், தண்ணீர் அதிகமாக இழுக்கும், தப்பாக நினைத்து மூடிவிடாதீர்கள் என்று சொல்வதற்காக. மணி அடித்தது, அடித்தது, நின்றது. அறையில் எடுக்க ஆள் இல்லை.

இயந்திரத்துக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு தெருவில் திடீரென்று தண்ணீர் பாய்கிறது என்பதுதான். குழாய் வெடித்தால் அப்படித்தான் பாயும். இரண்டு பதினாலுக்கு, அந்தத் தெருவை மூடலாம் என்று யோசனை சொன்னது. மூன்று விநாடியில் மனிதர் சம்மதித்தார். மூடியது.

நர்ஸ் மேலும் இரண்டு முறை அழைத்தார். மழமழவென்ற கன்னத்தோடு ஒற்றைவிரலார் திரும்பி வந்தபோது மணி இரண்டு நாற்பத்தைந்து. நாலாவது அழைப்பை எடுத்தார். விஷயம் புரிந்ததும் திரையைத் தட்டினார். ஆனால் மூடுவதற்குத்தான் ஒரு பொத்தான் போதும்; மூடியதைத் திறக்க வேண்டுமானால் ஆட்கள் நேரில் போய்ப் பார்த்து, வெடிப்பு இல்லை என்று பதிவு செய்ய வேண்டும். அவர்கள் ஊரின் மறுகோடியில் இருந்தார்கள். தண்ணீர் வந்தபோது மணி ஐந்து.

அதற்குள் ஏழு கட்டில்களிலும் வேலையைப் பாதியில் நிறுத்தி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஐந்து பேர் மறுநாள் வந்து மீதியை முடித்துக்கொண்டார்கள். ஒற்றைவிரலாரின் அக்காவுக்கு அன்று இரவே மூச்சுத் திணறல் வந்து பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவருக்குப் பக்கத்துக் கட்டில் தையல்காரர் மறுநாள் வரவில்லை; ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் போய்விட்டார். நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். அவருடைய கடையில் தைத்து முடித்த பள்ளிச் சீருடைகள் மட்டும் முப்பது இருந்தன. அவர் மனைவி வீடு வீடாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

இதற்கு விசாரணை வைத்தார்கள். ஒற்றைவிரலாருக்கு ஓலை வந்தது: புதன்கிழமை பத்து மணிக்கு வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மாலை கண்ணாடியம்மா வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. வழி அந்த அம்மாள் கையிலேயே இருந்தது. பார்த்தேன், வெடிப்பு என்று நினைத்தேன், அமுக்கிவிட்டேன் என்று சொல்லிவிடுங்கள். கண் தவறியது என்று எழுதிக்கொள்வார்கள். ஒரு கண்டனத்தோடு முடிந்துவிடும். மூடியைப் பற்றி வாய் திறந்தால் உங்கள் வேலையும் போகும், என் வேலையும் போகும். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு நான் வேறு எங்கே போய் நிற்பது என்று கேட்டார்.

அவர் சொன்னதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் கலங்கியபோது, இரண்டு பெரிய மீன்கள் போலத் தெரிந்தன. ஒற்றைவிரலார் தலையை ஆட்டி அனுப்பி வைத்தார். அப்படியே சொல்லிவிடலாம் என்றுதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

அக்கா மூன்று தலையணையில் சாய்ந்திருந்தார். ஐந்து நாளில் குரல் பாதியாகிவிட்டது. தம்பி ஆரஞ்சை உரித்து, உரித்ததைத் தானே தின்றுகொண்டிருந்தார். அக்காவுக்கு அது ஆகாது என்பது தின்று முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

“நர்ஸு போன் பண்ணினப்ப நான் பக்கத்துலதான் படுத்திருந்தேன்” என்றார் அக்கா. “மணி அடிக்கிறது எனக்கே கேட்டுச்சு. இருபது தடவை எண்ணினேன். முப்பது வருஷத்துல நான் எந்த மணியையும் நாலுக்கு மேல அடிக்க விட்டதில்லடா.”

அவர் ஆரஞ்சுத் தோலைப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்தார்.

“நீதான் அமுக்கினியா?”

“ஆமாக்கா. வெடிப்புன்னு நெனச்சு…”

“அறையில இருந்தா போனை எடுத்திருப்பியே.”

இதற்கு மேல் பொய்க்குக் கால் இல்லை. சட்டைப் பையிலிருந்து மூடியை எடுத்துப் போர்வை மேல் வைத்தார். அது என்ன, எங்கே செருகுவது, எத்தனை மாதமாக, எல்லாவற்றையும் சொன்னார். சலூனையும் சொன்னார். சலூனில் என்ன பேசினார் என்பதையும் சொன்னார். அக்கா மூடியை விரலால் தள்ளி, கவிழ்த்து, உள்ளே ஒட்டியிருந்த ரப்பரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“நீ தப்பா அமுக்கியிருந்தா, திட்டிட்டு மன்னிச்சிருப்பேன். தையக்காரரு பெஞ்சாதியும் ஒரு நாள் மன்னிச்சிடுவா. மனுஷன் தப்புப் பண்ணுவான். சோடா மூடியை எப்படிடா மன்னிக்கிறது? யார்கிட்ட போய் அவ ‘ஏன்’னு கேப்பா?”

மூடியைத் தம்பி பக்கம் தள்ளிவிட்டு, “நாளைக்கு என்ன சொல்லப் போற?” என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

விசாரணை அறையில் ஒரு நீள மேஜை, இரண்டு நாற்காலி. விசாரணை செய்தவர் ஓர் அம்மாள். அதிகாரியம்மா என்றுதான் வாசலில் இருந்தவர் சொன்னார். வெள்ளைத் தலைமுடி, பழைய கைக்கடிகாரம், எதிரே ஒரு சின்னத் திரை. சம்பவ நேரத்தைப் படித்தார். யோசனை இரண்டு பதினாலு; மூன்று விநாடியில் சம்மதம். நீங்கள் பார்த்துத்தான் சம்மதித்தீர்களா என்று கேட்டார்.

ஒற்றைவிரலாரின் நினைவில் கண்ணாடியம்மாவின் இரண்டு மீன்களும் நீந்தின. கை தன் பாட்டுக்குப் பைக்குள் போய் மூடியை எடுத்து மேஜையில் வைத்தது.

“இதுதான் சம்மதிச்சுதுங்க” என்றார். “நான் சவரம் பண்ணிக்கிட்டிருந்தேன்.”

முழுவதையும் சொன்னார். கண்ணாடியம்மாவுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது தான்தான், தப்பு முழுக்கத் தன்மேல்தான் என்றார். அதிகாரியம்மா ஒன்றும் எழுதவில்லை. மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நாளாக என்று கேட்டார். பதினோரு மாதம். மனதுக்குள் கணக்குப் போட்டவர் போல உதட்டை அசைத்தார். அத்தனை நாளும் அந்த ஊரின் தண்ணீரை யார் திறந்தார்கள், யார் மூடினார்கள் என்று யாராவது கேட்டால், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சம்மதங்கள், எல்லாம் ஒருவர் பெயரில்.

“யாரும் பிடுங்கிக்கலங்க” என்றார் ஒற்றைவிரலார். “அது பாட்டுக்கு யோசனை சொல்லிக்கிட்டிருந்துச்சு. நாங்கதான் அதை ஆள விட்டுட்டு எழுந்து டீ குடிக்கப் போனோம்.”

அதிகாரியம்மா அப்போதுதான் தன் எதிரே இருந்த திரையை அவர் பக்கம் மெதுவாகத் திருப்பினார். அறிக்கை முன்பே எழுதி முடிந்திருந்தது. ‘காரணம்: ஊழியரின் கவனக்குறைவு. அமைப்பில் குறை இல்லை. மனிதக் கட்டுப்பாடு முழுமையாகச் செயல்பட்டது.’ எழுதியது இவருடைய இயந்திரத்தின் பங்காளி போல ஏதோ ஒன்று. கீழே பச்சையாக ஒரு கட்டம், சிவப்பாக ஒரு கட்டம். ஒரு நாளைக்கு இது போல முப்பது வருகிறது என்றார் அந்த அம்மாள். சொன்ன குரலில் இருந்தது வெட்கம்தான். ஒற்றைவிரலாருக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும், ஐந்து நாளாக அது அவருக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தது.

ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பப் பார்த்து, அது கிளம்பாமல் இருமிக்கொண்டிருந்தது. ஒருவழியாக அது கிளம்பிப் போனது. பிறகு அதிகாரியம்மா சிவப்பை அமுக்கினார். காரணம் சொல் என்று திரை ஒன்பது காரணங்களை நீட்டியது. ஒன்பதில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை. அந்த அம்மாள் திரையை அணைத்துவிட்டு, வாசலில் இருந்தவரிடம் வெள்ளைத்தாள் வாங்கி, பேனாவைத் திறந்தார்.

“முதல்ல இருந்து சொல்லுங்க. உங்க பேரு என்ன?”

ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒருவர் அதைக் கேட்டார். அவர் சொன்னார்.

அந்தத் தாளால் உலகம் தலைகீழாகிவிடவில்லை. இதே மாதிரி நிலையங்களில் போய்ப் பார்த்தார்கள். ஒன்றில் மடித்த அட்டை, இன்னொன்றில் பேனா மூடியும் ரப்பர் பேண்டும். பொத்தானை விரல் சூடு பட்டால் மட்டும் அமுங்குகிற மாதிரி மாற்றினார்கள். கண்ணாடியம்மாவை மீட்டர் பிரிவுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேலை தப்பியது, ஆனாலும் அந்த அம்மாள் ஒற்றைவிரலாரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். எதிரே வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கடந்து போவார். ஒற்றைவிரலாரை நீக்கிவிட்டு வேறு ஆள் தேடினார்கள். விஷயம் வெளியே தெரிந்த பிறகு அந்த நாற்காலியில் உட்கார யாரும் வரவில்லை. மூன்று வாரத்தில் அவரையே கூப்பிட்டார்கள்.

சலூன்காரர் படத்தைத் தானாகவே கிழித்துவிட்டார். அந்த இடத்தில் சுவர் மட்டும் சதுரமாக வெளுத்துத் தெரிந்தது. வம்புக்கு அவர் இப்போது வேறு ஆட்களைத் தேடிக்கொண்டார். இவர் வந்தால் பேசாமல் கத்தியைத் தீட்டுவார்.

திரும்பிப் போன முதல் நாள், அவர் சிவப்புப் பொத்தானின் மேலிருந்த கண்ணாடித்தாளை நகத்தால் நெருடிக் கிழித்தெடுத்தார். ஓரத்தில் பசை காய்ந்துபோய் முழுசாக வரவில்லை. டெலிபோனைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். தெருவுக்கு ஒரு ஆள் என்று ஒரு நோட்டில் நம்பர் எழுதினார்: கிளினிக் நர்ஸ், டீக்கடை, பள்ளிக்கூடக் காவலாளி, தையல்காரரின் மனைவி. அந்தக் கடைசி நம்பரை வாங்கப் போனபோது அந்தப் பெண் வாசலிலேயே நிறுத்தி, எல்லாவற்றையும் சொல்ல வைத்து, கேட்டு முடித்து, கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் நம்பரை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி அக்காவிடம் கொடுத்தனுப்பியிருந்தார். வேறு ஒரு வார்த்தை இல்லை.

ஒரு தெருவை மூடலாம் என்று இயந்திரம் சொன்னால் முதலில் சிவப்பு. பிறகு போன். தெருவில் தண்ணீர் பாய்கிறதா, யாராவது தொட்டி நிரப்புகிறார்களா, எட்டிப் பார்த்துச் சொல்லுங்கள் என்பார். பெரும்பாலும் இயந்திரம் சொன்னதுதான் சரியாக இருக்கும். அது மறுபடி கேட்கும்போது பச்சை. திரையில் ‘மனிதத் தாமதம்’ என்ற வரி நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போகிறது. காகிதம் வருகிறது. அவர் அவற்றை அடுக்கி, சக்கரம் கழன்ற பக்கம் நாற்காலிக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்.

ஒரு வெள்ளிக்கிழமை, கிளினிக் கட்டிலிலிருந்து அக்கா போன் செய்தார். இரண்டாவது மணியிலேயே இவர் எடுத்துவிட்டார்.

“பரவாயில்லையே” என்றது அந்தப் பாதிக்குரல். “ஒரு நாளைக்கு எத்தனையைக் கேட்டுப் பாக்குற?”

“முப்பது. ரொம்ப ஓடினா முப்பத்தஞ்சு.”

“வர்றது?”

“நானூறுக்கா.”

“மிச்சத்தை?”

திரை மினுங்கியது. இருபது விநாடி ஓடத் தொடங்கியது. அவர் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, நோட்டில் அந்தத் தெருவைத் தேடினார்.

“மிச்சத்தை அதுதான்கா பாத்துக்குது” என்றார். “இரு, வைக்காத. உன் கிளினிக் தெருதான் வந்திருக்கு. அங்க தண்ணி வருதா பாத்துச் சொல்லு.”